நிகான் இசட் 14-30 மி.மீ. எஃப்/4 எஸ்: நம் ஊர் வெளிச்சத்தில் ஓர் அகலக்கோண லென்ஸ்

நிலக்காட்சிப் படமெடுப்பதில் ஆர்வம் கொண்டவர்கள் கேமராவுக்கு அடுத்தபடியாகப் பணம் போடுவது பெரும்பாலும் அகலக்கோண லென்ஸில்தான். மலை முகட்டில் நின்றால் கண்ணுக்கு முன் விரியும் அத்தனையையும் ஒரே படத்துக்குள் அடக்கிவிட வேண்டும் என்ற ஆசையே அதற்குக் காரணம். நிகான் நிறுவனம் தன் இசட் வகை மிரர்லெஸ் கேமராக்களுக்காக 2019 ஜனவரியில் அறிவித்த நிக்கோர் இசட் 14-30 மி.மீ. எஃப்/4 எஸ் லென்ஸைப் பலர் தேடி வாங்குவதும் அந்த ‘14’ என்ற எண்ணுக்காகத்தான். (மி.மீ.யில் சொல்லப்படும் இந்தக் குவியத்தொலைவு குறையக் குறையப் பார்வை அகலும்; எஃப் எண் ஒளித்துளையின், அதாவது அபர்ச்சரின் அளவு, அது கூடக்கூடத் துளை சிறுக்கும்.) நீலகிரியின் புல்வெளிகளிலும் செஞ்சியின் பாறைகளிலும் தனுஷ்கோடியின் மணலிலும் நெடுநாள் பயன்படுத்திய பிறகு, இது வாங்கத் தகுந்த லென்ஸ் என்றே நானும் சொல்வேன். ஆனால், அதற்கு நான் தரும் காரணம் வேறு. முகப்பில் நேரடியாகத் திருகிக்கொள்ளக்கூடிய 82 மி.மீ. ஃபில்டரும், 485 கிராம் மட்டுமேயான எடையும்தான் இதை நம் ஊர் வெயிலுக்கும் நம் ஊர் ஏற்றங்களுக்கும் பொருந்திய கருவியாக்குகின்றன.

இந்த இரண்டும் ஏன் பெரிய விஷயம் என்பதை முன்னோடி லென்ஸ்களைச் சுமந்தவர்கள் அறிவார்கள். இவ்வளவு அகலம் காட்டும் ஜூம் லென்ஸ்களின் முகப்புக் கண்ணாடி பொதுவாக வெளியே புடைத்துக்கொண்டு நிற்கும். 2007-இல் நிகான் வெளியிட்ட 14-24 மி.மீ. எஃப்/2.8 அப்படிப்பட்டது. படத்தின் தரத்தில் அந்தக் காலத்தில் அதற்கு இணை சொல்வது கடினம் என்றாலும், ஏறத்தாழ ஒரு கிலோ எடையும், ஃபில்டர் போட வேண்டுமானால் பெரிய சதுரக் கண்ணாடிகளையும் அவற்றைத் தாங்கும் சட்டத்தையும் தனிப் பையில் தூக்கிச் செல்ல வேண்டிய கட்டாயமும் அதனோடு சேர்ந்தே வந்தன. 2020-இல் இசட் கேமராக்களுக்கென வந்த 14-24 எஃப்/2.8 எஸ் 650 கிராமாக இளைத்துவிட்டது. இருந்தும் அதற்கான வட்ட ஃபில்டர் 112 மி.மீ. விட்டமுடையது, அதையும் அதற்கென்றே தரப்படும் ஹுட்டில் (முகப்பு வெயில்மறைப்பில்) தான் பொருத்த வேண்டும். 14-30-இல் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பெரிய கேமராக் கடைகளில் கிடைக்கும் சாதாரண 82 மி.மீ. ஃபில்டரை வாங்கித் திருகினால் வேலை முடிந்தது.

உடல் அமைப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பயன்படுத்தாதபோது லென்ஸ் உள்ளே மடங்கி 85 மி.மீ. நீளத்துக்குச் சுருங்கிவிடும்; படமெடுக்கும் முன் வளையத்தைத் திருப்பி நீட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கேமரா படமெடுக்க மறுக்கும். இது சிலருக்கு எரிச்சலூட்டும். மழைத்தூறலில் ஒரு கையால் குடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பையிலிருந்து கேமராவை எடுப்பவருக்கு எரிச்சல் இன்னும் கூடும். முகப்புக் கண்ணாடியில் ஃப்ளோரின் பூச்சு இருப்பதால் நீர்த்துளியும் விரல் அடையாளமும் எளிதில் துடைபடும். கடற்கரைக்குப் போகிறவர்கள் இந்தப் பூச்சை மட்டும் நம்பிவிடக் கூடாது. உப்புத் துகள் படிந்த கண்ணாடியை உலர்ந்த துணியால் தேய்ப்பது எந்தப் பூச்சுக்கும் நல்லதல்ல. முதலில் காற்றூதியால் ஊதி, பிறகு சற்றே ஈரமான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

இனி 14 மி.மீ. பற்றிப் பேசலாம். 36×24 மி.மீ. சென்சார் கொண்ட முழுச்சட்டகக் கேமராவில் இந்த லென்ஸ் மூலைவிட்டமாக 114 பாகையிலிருந்து 72 பாகை வரை காட்டுகிறது. கிடைமட்டத்தில் கணக்கிட்டால் 14 மி.மீ.யில் ஏறத்தாழ 104 பாகை. இவ்வளவு அகலத்தில் தொலைவிலுள்ள எதுவும் சிறுத்துத்தான் போகும். கொழுக்குமலையில் விடியற்காலையில் பள்ளத்தாக்கை நிரப்பிக் கிடக்கும் மேகக்கடலை 14 மி.மீ.யில் எடுத்துப் பாருங்கள்: நேரில் மூச்சை நிறுத்திய காட்சி, படத்தில் பெரிய வானத்துக்கும் வெறுந்தரைக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கோடாகக் கிடக்கும். சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் குலுங்கி மேலே வந்தவர் அந்தப் படத்தைக் கண்டு லென்ஸைக் குறை சொல்வதில் நியாயமில்லை. அந்த இடத்துக்கு வேண்டியது 70 மி.மீ.க்கு மேற்பட்ட லென்ஸ். பார்வைமுனையில் நின்று தொலைவுக் காட்சிகளை எடுப்பதே உங்கள் வழக்கம் என்றால், அகலக்கோண லென்ஸ் எதையும் வாங்காமல் அந்தப் பணத்தை ஒரு 70-200க்குச் சேமித்து வைப்பது நல்லது.

14 மி.மீ. வேலை செய்வது காலடியில்தான். இந்த லென்ஸ் 28 செ.மீ. வரை அருகில் ஃபோகஸ் செய்யும் என்பதால், முழங்காலிட்டு ட்ரைபாடைத் தாழ்த்தி, கைக்கெட்டும் தொலைவிலுள்ள ஒரு பொருளை முன்புலமாக வைத்துக்கொண்டால் படத்துக்கு ஆழம் வந்துவிடும். செஞ்சியில் இதைச் சோதித்துப் பார்க்க நல்ல வாய்ப்பு உண்டு. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளைச் சுற்றியும் உருண்டும் பிளந்தும் கிடக்கும் கருங்கற்பாறைகளில் ஏதேனும் ஒன்றின் வெடிப்பு குன்றை நோக்கி ஓடும்படி நின்றுகொண்டால், அந்த வெடிப்பே பார்ப்பவரின் கண்ணைக் கோட்டை வரை இழுத்துச் செல்லும். சாய்வெயிலில் அந்தப் பாறையின் சொரசொரப்பும், அதில் ஒட்டிக் காய்ந்த சாம்பல்நிறப் பாசியும் தனித்தனியாகத் தெரியும்படி எடுக்கும் கூர்மை இந்த லென்ஸுக்கு உண்டு. ஒன்றை நினைவில் வைத்திருக்க வேண்டும்: தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடங்களில் ட்ரைபாட் வைக்க முன் அனுமதி தேவை. மராட்டியர் கால ராணுவ நிலக்காட்சிகளின் ஒரு பகுதியாக 2025-இல் உலக மரபுச் சின்னப் பட்டியலில் செஞ்சி சேர்க்கப்பட்டிருக்கிறது. இனிக் கெடுபிடி குறையும் என்று நம்புவதற்கில்லை. அனுமதி இல்லாதபோது கேமராவைப் பாறைமேல் ஒரு துணிப்பையை வைத்து அதில் அழுத்தி எடுக்க வேண்டியதுதான். லென்ஸில் அதிர்வு நீக்கி கிடையாது. கேமராவுக்குள்ளேயே அந்த வசதி உள்ள இசட்5, இசட்6, இசட்7, இசட்8 போன்றவற்றில் இது ஒரு குறையாகத் தெரியாது.

முன்புலத்தையும் தொலைவையும் ஒருசேரத் தெளிவாக வைப்பதற்கான கணக்கு இந்த லென்ஸில் மிகத் தாராளமானது. 14 மி.மீ., எஃப்/8 என்ற அமைப்பில் ஏறத்தாழ 83 செ.மீ. தொலைவில் ஃபோகஸ் வைத்தால், வழக்கமான கணக்குப்படி சுமார் 42 செ.மீ.யிலிருந்து தொடுவானம் வரை தெளிவு கிடைக்கும். 30 மி.மீ.யில் அதே எஃப்/8-க்கு ஏறத்தாழ 3.8 மீட்டரில் ஃபோகஸ் வைக்க வேண்டும்; தெளிவு ஏறத்தாழ 1.9 மீட்டரிலிருந்துதான் தொடங்கும். இந்தக் கணக்கு 0.03 மி.மீ. மங்கல் வட்டத்தை (அதாவது ஒரு புள்ளி அவ்வளவு மங்கினாலும் தெளிவுதான் என்று) ஏற்றுக்கொண்டு போடப்படுவது. 45 மெகாபிக்சல் கேமராவில் எடுத்துப் பெரிதாக அச்சிடுபவர்கள் இன்னும் கறாராக இருந்து, 14 மி.மீ.யில் 1.2 மீட்டரை ஒட்டி ஃபோகஸ் வைப்பது நலம். எல்லாம் தெளிவாக வேண்டும் என்று எஃப்/16, எஃப்/22 என்று அபர்ச்சரை மூடிக்கொண்டே போவது பலரிடம் காணப்படும் பழக்கம். சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைவதால் (டிஃப்ராக்ஷன்) படம் முழுவதுமே மென்மையாகிவிடுவதுதான் அதில் மிஞ்சும். எஃப்/8-இலிருந்து எஃப்/11 வரை போதும். அதற்கு மேலும் ஆழம் வேண்டுமானால், ஃபோகஸை மாற்றி இரண்டு படங்கள் எடுத்துக் கணினியில் இணைத்துக்கொள்ளலாம்.

என் படங்களில் பெரும்பாலானவை 20-க்கும் 30-க்கும் இடையில்தான் எடுக்கப்பட்டவை. நாஞ்சில் நாட்டு வயல்களுக்குப் பின்னால் எழும் மேற்குத் தொடர்ச்சி மலையை அதன் உயரம் குன்றாமல் காட்ட 28 மி.மீ. சரியாக இருக்கும். பழைய 14-24 வைத்திருப்பவர் இந்த இடத்தில் லென்ஸ் மாற்ற வேண்டியிருக்கும். வரப்பில் ஆடி மாதக் காற்றுக்கு நடுவே அந்த வேலை அவ்வளவு சுகமானதல்ல.

இந்த லென்ஸோடு சேர்த்து ஒரே ஒரு பொருளைத்தான் வாங்க முடியும் என்றால், யோசிக்காமல் ஒரு நல்ல வட்டப் போலரைசர் ஃபில்டரை வாங்குங்கள். மழை விட்ட சோலைக்காட்டின் ஓரத்தில் நின்று அதை மெல்லத் திருப்பும்போது நடப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்ப முடியும். ஈர இலைகளின்மேல் படிந்திருக்கும் வானத்தின் வெண்பளபளப்பு படிப்படியாக விலகி, அடியில் இருந்த பச்சை தெரியத் தொடங்கும். அந்தப் பச்சைக்கு நடுவே சோலை மரங்களின் இளந்தளிர்களுக்கே உரிய செம்பு நிறம் திட்டுத்திட்டாக மேலெழும். இந்த விளைவைக் கணினியில் பிறகு வரவழைக்க முடியாது. பளபளப்பு மறைத்த நிறம் கோப்பில் பதிவாகியே இருக்காது. நீர்ப்பரப்பிலும் அப்படித்தான். நீரோடு ஏறத்தாழ 37 பாகைக் கோணத்தில் கீழ்நோக்கிப் பார்க்கும்போது பிரதிபலிப்பு மிகுதியாக நீங்கி, அடியிலுள்ள கூழாங்கற்கள் தெரியும். பதிலுக்கு ஃபில்டர் ஒன்றரை ஸ்டாப் அளவுக்கு (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) வெளிச்சத்தை விழுங்கும். காற்றில் ஆடும் இலைகளை எடுக்கும்போது ஷட்டர் வேகம் குறைவதைக் கவனித்து ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளியுணர்திறனை) ஏற்றிக்கொள்ள வேண்டும். மூடுபனியை இது விலக்கும் என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். தெளிந்த நாளின் தொலைவு மங்கலைச் சற்றுக் குறைக்கும், அவ்வளவுதான்.

வானத்தில் போலரைசர் செய்யும் வேலை சற்றுச் சிக்கலானது. சூரியனுக்கு 90 பாகையில் உள்ள வானப்பகுதியில்தான் அதன் விளைவு உச்சமாக இருக்கும். சுட்டுவிரலைச் சூரியனை நோக்கி நீட்டிக் கட்டைவிரலைச் செங்குத்தாக விரித்து மணிக்கட்டைச் சுழற்றினால், கட்டைவிரல் வரையும் வட்டமே அந்தப் பகுதி. 104 பாகை அகலத்தை ஒரே படத்தில் காட்டும் லென்ஸில் இந்த வட்டத்தின் ஒரு துண்டு மட்டும் கருநீலமாகவும் இருபுறமும் வெளிறியும் பதிவாகும் என்பதால், ‘அகலக்கோணத்தில் போலரைசர் கூடாது’ என்று குளிர்நாட்டு வழிகாட்டிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். நமக்கு இந்த விதி அப்படியே பொருந்தாது. காலையிலும் மாலையிலும் சூரியன் தொடுவானத்தை ஒட்டி இருக்கும்போது, அந்தக் கருநீலப் பட்டை வடக்கிலிருந்து உச்சி வழியாகத் தெற்குக்குச் செங்குத்தாக நிற்கும். அப்போது வடக்கு அல்லது தெற்கு நோக்கி 14 மி.மீ.யில் எடுத்தால் படத்தின் நடுவில் கறைபோல் அது விழும் என்பது உண்மையே. ஆனால், நம் தலைக்கு மேலே சூரியன் வந்து நிற்கும் நண்பகலில் அந்த வட்டம் தொடுவானத்தை ஒட்டிப் படுத்துவிடுகிறது. எந்தத் திசையில் திரும்பினாலும் வானம் இடமிருந்து வலமாக ஒரே சீராகவும், கீழே சற்று அடர்ந்தும், மேலே சற்று வெளிறியும் அமையும். ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் சூரியன் நேர் உச்சியைக் கடக்கும் தமிழ்நாட்டில், எல்லோரும் கேமராவை மூடி வைத்துவிடும் வேளையில் வெண்மேகங்களோடு கூடிய அகலமான வானத்தைப் போலரைசரோடு எடுக்க முடிகிறது. தரையில் நிழல் சரியாக விழாது என்பதால், இது வானமே முதன்மையான படங்களுக்கு மட்டும் உதவும். காலை மாலைகளில் 24 மி.மீ.க்கு மேல் ஜூம் செய்து, பட்டை முழுவதும் சட்டகத்துக்குள் விழாதபடி பார்த்துக்கொள்கிறேன். அல்லது ஃபில்டரைப் பாதியளவு மட்டும் திருப்புகிறேன்.

அடுத்தது, நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைத்து ஷட்டரை நெடுநேரம் திறந்து வைக்க உதவும் என்.டி. ஃபில்டர். தனுஷ்கோடியைப் போல இதைக் கற்றுக்கொள்ள உகந்த இடம் குறைவு. 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த ஊரின் சிதைவுகளைக் கடந்து அரிச்சல்முனை நோக்கிப் போகும்போது, அமைதியாகக் கிடக்கும் வடபுறக் கடலையும் கொந்தளிக்கும் தென்புற மன்னார் வளைகுடாவையும் பெண்கடல், ஆண்கடல் என்று ராமேஸ்வரத்து மீனவர்கள் பிரித்துச் சொல்வது ஏன் என்று கண்ணுக்குத் தெரியும். இரண்டுக்கும் ஒரே ஷட்டர் வேகம் உதவாது. வடபுறத்தில் ஒரு நிமிடம் வரை ஷட்டரைத் திறந்து வைத்தால் சிற்றலைகள் அடங்கி நீர்ப்பரப்பு மெருகேறிவிடும். தென்புறத்தில் அப்படிச் செய்தால் அலையின் வீறு முழுவதும் வெண்புகையாகிப் போகும். அங்கே அலை மணலில் ஏறித் திரும்பி ஓடும்போது அரை விநாடியிலிருந்து ஒரு விநாடி வரை எடுத்தால் நுரை இழை இழையாகக் கோடு வரையும். ஃபில்டர் இல்லாமல் 1/15 விநாடி காட்டும் மாலை வெளிச்சத்தில் 6 ஸ்டாப் ஃபில்டர் சுமார் 4 விநாடியையும், 10 ஸ்டாப் ஃபில்டர் ஒரு நிமிடத்துக்கும் சற்றுக் கூடுதலான நேரத்தையும் தரும். இரண்டில் எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு 6 ஸ்டாப்பைத்தான் பரிந்துரைப்பேன். 10 ஸ்டாப் ஃபில்டரின் படங்கள் முதலில் பிரமிப்பூட்டும். பத்துப் படங்களைப் பார்த்தபின் எல்லாக் கடல்களும் ஒரே கடலாகத் தோன்றத் தொடங்கும். மணலில் ட்ரைபாட் கால்களை அப்படியே வைக்காமல் அழுத்தி இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அலை வந்து திரும்பும்போது அடி மணல் நழுவிப் படம் அசைந்துவிடும். அறைக்குத் திரும்பியதும் கால்களை நன்னீரில் கழுவுவதும் இந்தத் தொழிலின் ஒரு பகுதிதான்.

அருவிகளுக்கு இவ்வளவு நீண்ட நேரம் வேண்டாம். கால் விநாடி, அரை விநாடி போதும். பெரும்பாலும் போலரைசரே அதற்குத் தேவையான அளவு வெளிச்சத்தைக் குறைத்துவிடும். சீசன் காலத்துக் குற்றாலத்தில் ஆள் இல்லாத அருவியை எடுக்க எந்த ஃபில்டரும் உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போலரைசரையும் என்.டி.யையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகினால் 14 மி.மீ.யில் மூலைகள் கறுக்கக்கூடும். ஃபில்டர்ச் சட்டத்தின் தடிமனுக்கேற்பச் சற்று ஜூம் செய்துகொள்ள வேண்டும். மெல்லிய சட்டம் கொண்டவற்றை வாங்குவது இதனால்தான் அவசியமாகிறது.

படத்தின் தரத்துக்கு வருவோம். நடுப்பகுதி எஃப்/4-இலேயே கூர்மையாக இருக்கிறது, ஓரங்கள் எஃப்/5.6-இலிருந்து எஃப்/8-க்குள் தேறிவிடுகின்றன. இவ்வளவு சிறிய உடலுக்குள் இவ்வளவு அகலத்தை அடைக்க நிகான் மென்பொருளின் உதவியை நாடியிருக்கிறது. 14 மி.மீ.யில் கண்ணாடி மட்டும் தரும் படம் பீப்பாய்போல் நன்றாகவே புடைத்திருக்கும். அதைக் கேமராவும் லைட்ரூம் போன்ற மென்பொருள்களும் தாமாகவே நிமிர்த்திவிடுவதால் பெரும்பாலோர் இதை அறியவே மாட்டார்கள். இழுத்து நிமிர்த்தப்படும் மூலைகளில் நுண்விவரம் சற்றுக் குறைவது இதன் விளைவு. கட்டடம் எடுப்பவருக்கு இது உறுத்தலாம். மூலையில் புல்லோ மேகமோ இருக்கும் நிலக்காட்சியில் எனக்கு உறுத்தவில்லை. எஃப்/4-இல் மூலைகள் இருள்வதும் உண்டு. சூரியனைச் சட்டகத்துக்குள் வைத்து எடுக்கும்போது ஒளிச்சிதறல் நன்கு கட்டுப்பட்டிருக்கிறது. அபர்ச்சரில் ஏழு இதழ்கள் இருப்பதால் எஃப்/11-ஐத் தாண்டி மூடும்போது சூரியன் பதினான்கு முனை நட்சத்திரமாக விரியும். பாறை விளிம்பில் சூரியன் பாதி மறையும் கணத்தில் எடுத்தால் முனைகள் துல்லியமாக வரும்.

இரவு வானம் எடுப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். எஃப்/2.8 லென்ஸோடு ஒப்பிட்டால் எஃப்/4 பாதி வெளிச்சத்தையே உள்ளே விடுகிறது. காவலூர் வானாய்வகம் அமைந்துள்ள ஜவ்வாது மலை போன்ற இருண்ட பகுதிகளில், 14 மி.மீ.யில் 20 விநாடி வரை நட்சத்திரங்கள் பெரிதாகக் கோடு இழுக்காமல் பால்வீதியைப் பதிவு செய்ய முடியும் என்றாலும், ஐ.எஸ்.ஓ.வை 6400-க்கு மேல் ஏற்ற வேண்டிவரும். எப்போதாவது எடுப்பவருக்குப் போதும். அதையே முதன்மையாகச் செய்பவர் எஃப்/2.8-க்குப் போகட்டும். 2022-இல் வந்த நிகான் இசட் 17-28 எஃப்/2.8 அவர்களுக்கு ஒரு நல்ல இடைவழி: 450 கிராம் எடை, 67 மி.மீ. ஃபில்டர். 14-க்கும் 17-க்கும் இடையிலுள்ள அகலத்தை இழக்கச் சம்மதம் என்றால் நானேகூட அதை ஒருமுறை யோசிப்பேன். இசட்50 போன்ற சிறிய சென்சார் கேமரா வைத்திருப்பவர்கள் 14-30-இன் பக்கம் வர வேண்டிய அவசியமில்லை. அவற்றில் இது 21-45 மி.மீ. லென்ஸ்போல் நடந்துகொள்ளும், இதன் சிறப்புகளில் பாதி அங்கேயே போய்விடும்.

விலை பண்டிகைக்குப் பண்டிகை, கடைக்குக் கடை மாறுவதால் இங்கே எண்ணாகத் தரவில்லை. நல்ல 82 மி.மீ. போலரைசருக்கும் என்.டி.க்கும் தனியாகக் கணிசமான தொகை ஆகும் என்பதைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். மலிவான ஃபில்டர்கள் படத்துக்கு மஞ்சளோ சிவப்போ ஏற்றிவிடும். 82 மி.மீ. ஃபில்டரை ஒருமுறை வாங்கிவிட்டால் சிறிய மரையுள்ள மற்ற லென்ஸ்களுக்கு இணைப்பு வளையம் போட்டு அதையே பயன்படுத்தலாம். எதிர்த்திசையில் இது நடக்காது. பழைய லென்ஸைக் கைமாற்றில் வாங்குபவர்கள் மடங்கி நீளும் வளையம் தடங்கலின்றிச் சுழல்கிறதா என்று பார்த்துவிட்டு, தொலைவிலுள்ள ஒரு கட்டடத்தை எஃப்/5.6-இல் நான்கு மூலைகளிலும் மாற்றி மாற்றி வைத்து எடுத்து, மூலைக்கு மூலை கூர்மை மாறுகிறதா என்று திரையில் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். கையோடு ஒரு ஃபில்டரைக் கொண்டுபோய் முகப்பில் திருகிப் பாருங்கள். மரை நசுங்கி ஃபில்டர் பாதியில் நின்றால், விற்பவர் எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் வேறு லென்ஸ் தேடுங்கள்.